மூக்குப்பெட்டிக்குக் கைக்குட்டை கட்டிய அறையிலிருந்து அளவம்மாவுக்கு

காற்றை நிறுத்திக் கணக்குக் கேட்டவரே! கண்ணுக்குத் தப்பியதைத் தாளில் பிடித்துக் காட்டியவரே! மாவு மண்டிய மூலையிலும் மலர்ந்த முகத்தோடு நின்றவரே! 'ஏன்' என்னும் ஒற்றைச் சொல்லை எங்கள் எல்லோர் வாயிலும் ஏற்றிவைத்துவிட்டு இன்று படியிறங்கிப் போகிறவரே! எங்கள் தொழிற்கூடத்தின் தொழில் நலப் பிரிவில் இருபத்து மூன்று ஆண்டுகள் அமர்ந்து பணியாற்றியவரே என்று எழுதத்தான் நினைத்தோம். நீங்கள் அமர்ந்து ஒருநாளும் நாங்கள் பார்த்ததில்லை. ஆகையால், நின்றும் நடந்தும் குனிந்தும் நிமிர்ந்தும் பணியாற்றி நிறைவு காணும் பெருமாட்டியே! எங்கள் அளவம்மாவே! உங்களுக்கு எங்கள் உழைத்த கைகளின் வணக்கம்.

பணி ஓய்வு மடல் என்றால் புகழ வேண்டும். நீங்களோ, யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் "அதுக்கு என்ன ஆதாரம்?" என்று தலையைச் சாய்த்துக் கேட்கிறவர். எனவே அடைமொழிகளை எல்லாம் மேலே ஒரே மூச்சில் இறக்கி வைத்துவிட்டோம். கீழே வருவது ஆதாரம். உங்கள் அரும்பணிகள் அத்தனையும் அடுக்கினால் மண்டபத்தின் மின்விசிறி நின்றுபோகும் வரை படிக்க வேண்டியிருக்கும். எங்கள் மூட்டைப் பிரிவில் நடந்த ஒரே ஒரு சங்கதியை மட்டும் சொல்லி நிறுத்துகிறோம். அது உங்களைப் பற்றியதுதான். ஆனால் கைக்குட்டையண்ணன் வழியாகத்தான் அதைச் சொல்ல முடியும்.

புதிதாய் வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கைகழுவும் தொட்டி முதலான பீங்கான் சாமான் செய்கிற கூடம் இது. வெள்ளைக் கல்லை அரைத்த மாவு மூட்டை மூட்டையாய் வந்து இறங்கும். மூட்டையை மேடையில் கிடத்தி, வாயை அறுத்து, கலவைத் தொட்டிக்குள் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்ததும் புஸ்ஸென்று ஒரு வெள்ளை மேகம் எழும். கண்ணுக்குத் தெரிகிற தூசி தரையில் விழுந்துவிடும், துடைப்பத்துக்கு அடங்கும். கண்ணுக்குத் தெரியாத பொடி மூச்சோடு போய் நெஞ்சில் குடியேறும். குடியேறினால் காலி செய்யாது.

அந்த மேடையில் மூட்டை கவிழ்த்தவர்தான் நம் அண்ணன். அப்போது அவருக்கு மூட்டைக்காரர் என்றுதான் பெயர். ஏணி மாதிரி உயரம். பிரிவின் வாசலில் தலையைக் குனிந்துதான் நுழைவார். மறந்த நாளில் நிலையில் 'டொம்'மென்று சத்தம் கேட்கும், சல்லடையில் நிற்கிற அக்கா திரும்பிப் பாராமலே "வந்துட்டாரு" என்பார். அண்ணனுக்கு மனத்தில் ஊறிக் கிடந்த ஆசை ஒன்றே ஒன்று. தொழிற்பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகளை இதே கூடத்தில் சேர்த்துவிட வேண்டும். மூட்டை மேடைக்கு இன்னொரு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்த நாளிலிருந்து மேலாளரைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தபடியே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் உள்ளே வந்தீர்கள். ஒரு கையில் இடுப்பில் மாட்டும் சின்னக் காற்றிழுப்பான். அதிலிருந்து ஒரு குழாய் தோளேறிக் கழுத்தோரம் வரும், அதன் நுனியில் வடிதாள் வைத்த வட்டமான சிமிழ். ஆள் இழுக்கிற காற்றை அதுவும் பக்கத்திலிருந்து இழுக்கும், தூசியைத் தாளில் தேக்கும். அதற்கு மூக்குப்பெட்டி என்று நாங்கள் பெயர் வைத்தோம். இன்னொரு கையில் நாலு தகர டப்பா, ஒரு பிடி இரும்பு நட்டு.

முதல் டப்பா என்றால் தூசி ஏறக்குறைய இல்லை. இரண்டாவது, கொஞ்சம் உண்டு. மூன்றாவது, இதற்கு மேல் கூடாது என்று சட்டம் கிழித்த கோட்டை ஒட்டி. நான்காவது, கோட்டைத் தாண்டி. அளப்பதற்கு முன்னால் ஆளுக்கொரு நட்டை எடுத்து, மேடையில் நிற்கிறவருக்கு எவ்வளவு தூசி என்று நினைக்கிறோமோ அந்த டப்பாவில் போடச் சொன்னீர்கள்.

சல்லடையக்கா விடுவாரா? "ஏம்மா, கையில மிஷினையே வச்சுக்கிட்டு எங்ககிட்ட எதுக்குக் குறி கேக்குறீங்க?"

"மிஷின் ஏதோ ரெண்டு மூணு நாள்தான் பாக்கும். நீங்க வருஷக்கணக்கா பாக்குறீங்க. ரெண்டையும் சேத்துதான் கணக்குப் போடணும்."

"நாங்க தப்பாச் சொல்லிட்டா?"

"தாராளமாச் சொல்லுங்க. எந்தப் பக்கம் தப்பாச் சொல்றீங்கன்னும் எனக்குத் தெரியணும்ல?"

அப்படி ஒரு பதிலை அதுவரை மேலே இருக்கிற யார் வாயிலிருந்தும் நாங்கள் கேட்டதில்லை. நட்டுகள் விழுந்தன. பெரும்பாலும் மூன்றாவதிலும் நான்காவதிலும். அண்ணன் மட்டும் தன் நட்டை இரண்டாவதில் போட்டார். "எனக்குப் பழகிப்போச்சும்மா" என்றார். நீங்கள் மறுக்கவில்லை. அவர் இடுப்பில் மூக்குப்பெட்டியை மாட்டிவிட்டுப் போனீர்கள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவுத் தாள் வந்தது. இயந்திரத்தின் கண்ணுக்கு எட்டுகிற அளவுக்குக்கூடத் தூசி இல்லை என்று அதில் இருந்தது. மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. 'மூட்டை அறை சுத்தம், தூசி 0' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அண்ணனோ வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையைப் போல அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு போவோர் வருவோரிடமெல்லாம் "என்னோடதுதான்" என்று காட்டினார். சூட்டோடு சூடாக மகள் விஷயத்தையும் மேலாளர் காதில் போட்டார். அறைதான் சுத்தமாயிற்றே, மேலாளரும் தலையாட்டினார்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் ஒருவர் மட்டும் புருவத்தைச் சுருக்கினீர்கள்.

"என் கண்ணுக்கு எட்டலன்னுதான் சார் இயந்திரம் சொல்லியிருக்கு. ஒண்ணுமே இல்லன்னு சொல்லல" என்றீர்கள். பலகையில் இருந்த சுழியை அடித்துவிட்டு, 'இந்த அளவுக்குக் கீழே எங்கேயோ' என்று எழுதினீர்கள். பிறகு டப்பாக்களைக் குலுக்கிக் காட்டினீர்கள்.

மேலாளர் கேட்டார்: "தாளை விட்டுட்டு நட்டையா நம்பச் சொல்றீங்க?"

"நட்டையும் நம்பல, தாளையும் நம்பல. ரெண்டும் ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குதுன்னு பாக்கணும்."

கீழே இறங்கி வந்து அண்ணனிடம் பணிவாகக் கேட்டீர்கள். "அன்னைக்கு எப்படி மாட்டிக்கிட்டு வேலை செஞ்சீங்களோ, அப்படியே ஒருக்கா செஞ்சு காட்டுறீங்களா?" அண்ணனுக்கு ஏகப்பட்ட குஷி. பெட்டியை மாட்டினார். குழாயை நேராக்கினார். சட்டைப் பையிலிருந்து துவைத்து மடித்த கைக்குட்டை ஒன்றை எடுத்தார், உதறினார், இரண்டாய் மடித்தார், சிமிழின் வாயை இறுக்கச் சுற்றி முடிச்சுப் போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இது எதுக்குங்க?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? எம்புட்டு நுணுக்கமான சாமான்! இந்த மாவு பட்டா கெட்டுப்போயிடாதா? நான் ஒரு பொட்டுத் தூசி பட விடலையே!"

நீங்கள் குனிந்து அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு ஒருமாதிரி குரலில், "பெட்டிக்குக் கட்டிட்டீங்க. உங்க மூக்குக்கு?" என்று கேட்டீர்கள். அண்ணன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். விரலில் மாவு. சல்லடையக்கா சல்லடையை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். நீங்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அண்ணனும் சிரித்தார், சிரித்ததில் தும்மல் வந்தது, தும்மியதில் இன்னும் மாவு பறந்தது. அன்றுதான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த ஆளைத் திட்டியிருப்பார்கள். நீங்களோ, "தப்பு என்மேலதான், இது எதுக்குன்னே நான் உங்களுக்குச் சொல்லல" என்று சொல்லி, அத்தனை பேரையும் உட்கார வைத்து வடிதாளைப் பிரித்துக் காட்டினீர்கள். இனிமேல் அளக்கும் நாளைக் குலுக்கல் போட்டு எடுப்போம் என்றீர்கள். தேயிலை டப்பாவில் சீட்டு மடித்துப் போட்டீர்கள்.

"லாட்டரியாம்மா? பரிசு என்ன?" என்று அக்கா கேட்டார்.

"தூசிதான்."

"அதுக்கு நல்ல நாளாப் பாத்து வைக்கக் கூடாதா?"

"நாம நாள் பாத்து வச்சா, நமக்குப் புடிச்ச எண்தான் வரும். காத்துக்கு நம்ம விருப்பம் தெரியக் கூடாது."

கைக்குட்டை இல்லாமல் அளந்த தாள்கள் ஒவ்வொன்றாய் வந்தன. அப்போதுதான் எங்களுக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. அதே ஆள், அதே மேடை, அதே மூட்டை. ஒரு நாள் எண் சின்னதாக, இன்னொரு நாள் பூதமாக. ஏன்? ஒரு நாள் ஈர மூட்டை. ஒரு நாள் பின்கதவு திறந்திருந்தது. ஒரு நாள் மூட்டை கிழிந்து தோளெல்லாம் கொட்டியது. பெரும்பாலான நாள் அடங்கியே கிடக்கும், எப்போதாவது ஒரு நாள் எகிறிவிடும். இந்த மாதிரிக் கணக்கில் எகிறுகிற நாளைத்தான் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது எங்களுக்கு இன்னும் மனப்பாடம்.

எல்லா நாளையும் கூட்டி வகுத்தால் எண் கோட்டுக்குச் சற்றே கீழே நின்றது. "சராசரி கோட்டுக்குக் கீழ இருக்கே, அப்புறம் என்னம்மா?" என்றார் மேலாளர். நீங்கள் பிரிவின் வாசலைக் காட்டினீர்கள்.

"இந்த நிலை நம்ம ஆளுங்களோட சராசரி உசரத்துக்கு மேலதான் சார் இருக்கு. ஆனா இவரு தெனம் இடிச்சுக்கிறாரே? சராசரி ஆளுன்னு யாரும் இந்த வாசல்ல வர்றதில்ல. நூறு நாள்ல எத்தனை நாள் கோட்டைத் தாண்டுதுன்னு கேளுங்க."

மேலாளரையும் குறை சொல்வதற்கில்லை. அவருக்கும் மேலே ஒருவர் உண்டு. தூசியை இழுத்துக்கொள்ளத் தொட்டிக்கு மேலே நீங்கள் கேட்ட காற்றுறிஞ்சியைப் பொருத்த அந்த மேலவரின் கையெழுத்து வேண்டும்; அவருக்குத் திட்டமான எண் வேண்டும். அதுவரை அறை சட்டப்படி சரி என்றாகிவிட்டது. கைக்குட்டையண்ணன் மகள் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்று உத்தரவும் ஆயிற்று. அண்ணன் அன்றைக்குத் தேநீர் வேளையில் எல்லாருக்கும் தன் கையால் குவளை நீட்டினார்.

வாரக் கடைசி வேலை நாள். மூட்டைகள் பாதி முடிந்திருந்தன. நாலு டப்பாவோடு, ஒரே ஒரு நட்டோடு, நீங்கள் அவர் எதிரில் வந்து நின்றீர்கள். டப்பாவைப் பார்த்ததுமே அண்ணனுக்குச் சுருக்கென்றது.

"என்னம்மா, இப்ப எதுக்கு இது? நான் இத்தன வருஷமா இந்த மாவைத்தான் குடிச்சிட்டிருக்கேன், எனக்கு என்ன கேடு வந்துச்சு? எம் மக வீட்டுக்குள்ள சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. இப்பதான் வேலை வாசல்ல வந்து நிக்குது. நீங்க டப்பாவ உருட்டிக்கிட்டு வர்றீங்களே!"

"வேணாம்னு சொல்ல நான் வரலண்ணா. எனக்கு ஒண்ணு புரியல, அதைக் கேக்க வந்தேன். உங்களுக்குன்னு கேட்டப்ப ரெண்டாவது டப்பாவுல போட்டீங்க. அந்த இடத்துல உங்க மக நின்னா, எதுல போடுவீங்க?"

அண்ணன் நட்டை வாங்கிக்கொண்டார். வாங்கிய கை இரண்டாவது டப்பாவுக்குத்தான் போயிற்று. பாதியில் நின்றது. மகள் எவ்வளவு உயரம் என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளங்கையைத் தன் நெஞ்சுக்கு நேராகக் கிடைமட்டமாக வைத்துப் பார்த்தார். அவள் அங்கேதான் வருவாள். பிறகு அத்தனை உயரத்தையும் மடக்கி, முழங்காலை வளைத்து, முகத்தை அந்தக் கை இருந்த இடத்துக்கு இறக்கினார். தொட்டியின் விளிம்பு அவர் தாடைக்குக் கீழே வந்தது. எதிர்ப்பக்கத்து ஆள் ஒன்றும் தெரியாமல் ஒரு மூட்டையைக் கவிழ்த்தார். நிமிர்ந்து நிற்கும்போது அண்ணனின் மார்போடு நின்றுவிடுகிற மேகம் இப்போது நேரே முகத்தில் வந்து அப்பியது. அவர் விலகவில்லை. அப்படியே குனிந்து நின்றார். மேகம் அடங்குகிற வரைக்கும் நின்றார்.

எழுந்தபோது புருவமெல்லாம் வெள்ளை. நட்டை நான்காவது டப்பாவில் போட்டார். 'டங்' என்று விழுந்தது.

"ஏன்?" என்று கேட்டீர்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டீர்கள். "ஏன் மாத்திப் போட்டீங்க?"

"எனக்குன்னா சமாளிச்சுக்கலாம்னு கை தானாப் போகுதும்மா. அவளுக்குன்னதும் போகல."

திங்கட்கிழமை மகள் வரவில்லை. அண்ணன்தான் மேலாளர் அறை வாசலில் நின்றார். "எம் மக இப்ப வரல சார். அவ மட்டுமில்ல, அந்த உசரத்துல யாரையும் மேடையில நிறுத்தாதீங்க. உறிஞ்சியப் போட்டுட்டுக் கூப்பிடுங்க."

"இடம் போயிடும்யா. அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"போனாப் போகட்டும் சார்." சொல்லிவிட்டார். ஆனால் அன்று முழுக்க அவர் மனம் மூட்டையில் இல்லை. வீட்டிலோ மகள் தட்டை 'ணங்'கென்று வைத்துவிட்டு, "கெடைச்ச வேலையத் தடுத்து நிறுத்துற அப்பா எத்தன பேருக்குக் கெடைப்பாங்க!" என்று சுவரிடம் சொன்னாளாம். அண்ணன் எங்களிடம் இதைச் சொன்னபோது சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

அந்தச் சோற்றுத் தட்டுச் சத்தம் உங்கள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். மறுபடியும் நட்டெடுத்து வந்தீர்கள். ஆளாளுக்குத் தன் பிள்ளையை, தங்கையை, தம்பியை அந்த மேடையில் நிறுத்தி நினைத்துப் போடச் சொன்னீர்கள். முன்பே நான்காவதில் இருந்தவை போக, மற்ற நட்டுகள் அத்தனையும் ஒரு டப்பாவாவது வலப்பக்கம் நகர்ந்தன. நட்டு மட்டும் போதாதே! மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் அளக்க வேண்டும் என்றீர்கள். கூடத்திலேயே குட்டை சல்லடையக்காதான். நல்ல முகக்கவசம் போட்டுவிட்டு, மூக்குப்பெட்டியையும் மாட்டி, குலுக்கலில் வந்த நாள்களில் மேடையில் ஏற்றினீர்கள். "பொறந்ததுலேர்ந்து குட்டச்சின்னு கேட்டவ நான். இன்னைக்குதான்டா என் உசரத்துக்கு ஒரு உத்தியோகம்!" என்று அக்கா ஏறினார்.

அந்தத் தாள்கள் கோட்டைத் தாண்டின. ஒவ்வொரு தாளும் இல்லை, ஆனால் அடிக்கடி. எங்கள் நட்டையும் அந்தத் தாளையும் ஒன்றாய்ச் சேர்த்து, நூறு நாளில் இத்தனை நாள் தாண்டும் என்று எழுதினீர்கள். அதோடு, இந்த எண்ணில் எனக்கு இவ்வளவு சந்தேகமும் உண்டு என்று அதன் பக்கத்திலேயே எழுதினீர்கள். "சந்தேகத்தை ஏம்மா எழுதுறீங்க, மேல திருப்பி அனுப்பிடுவாங்க" என்று மேலாளர் பதறினார். திருப்பி அனுப்பவில்லை. கையெழுத்தாகி வந்தது. "சந்தேகத்தையே ஒளிக்காதவங்க மத்தத ஒளிக்க மாட்டாங்கன்னு மேலவரு சொன்னாரு" என்று மேலாளரே வந்து சொன்னார். சொன்னபோது அவர் முகத்திலும் ஒரு புது ஆவல் இருந்தது.

தொட்டிக்கு மேலே காற்றுறிஞ்சி ஏறியது. அதுவரை அந்த இடத்துக்கு மேலாளர் யாரையும் எடுக்கவில்லை. வாயால் அதட்டினாலும், ஆளை நிறுத்த அவருக்கும் மனம் வரவில்லை போலும். மகள் வந்தாள். முதல் நாள் மூக்குப்பெட்டி அவள் இடுப்பில். அண்ணன் தூண் மறைவில் நின்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார். மகள் திரும்பாமலே, "அப்பா, கைக்குட்டைய வெளிய எடுத்தீங்க, அவ்வளவுதான்!" என்றாள். தாள் வந்தது. முதல் டப்பா. அப்போதும் பலகையில் நீங்கள் சுழி போடவில்லை.

அன்று முதல் எந்தப் பிரிவுக்குப் போனாலும் இரண்டு கேள்வியும் கேட்டீர்கள்: நீங்கள் நின்றால்? உங்கள் பிள்ளை நின்றால்? எந்தப் பதில் தாளுக்குக் கிட்டத்தில் வருகிறது என்று ஆண்டுக்கணக்காய்ச் சேர்த்துப் பார்த்தீர்கள். அனேகமாகப் பிள்ளைக்குச் சொன்னதுதான் கிட்டத்தில் வந்தது. சூளைப் பிரிவில் மட்டும் எல்லாரும் பிள்ளையை நினைத்துப் பயந்து நான்காவதில் போட, தாளோ இரண்டாவதில் நின்றது. அதைக் கண்டு நீங்கள் துள்ளிக் குதித்ததைப் பார்த்து, "கணக்குப் பொய்யானா இம்புட்டு சந்தோஷப்படுற பொம்பளைய நான் கண்டதேயில்ல" என்று அக்கா மோவாயில் கை வைத்தார்.

அம்மா! ஆதாரம் போதுமா? போதாதென்றால் இந்த மண்டபத்தில் இருக்கிற நெஞ்சுகளின் மேல் காதை வைத்துக் கேளுங்கள். எங்களை நீங்கள் எண்ணாகப் பார்க்கவில்லை. எண்ணுக்குள் எங்களைத் தேடினீர்கள். எங்களுக்கு எவ்வளவு தாங்கும் என்று நாங்கள் சொன்னதை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், யாருக்காக என்று திருப்பிக் கேட்டீர்கள். அந்தக் கேள்வியை எங்களிடமே விட்டுப் போகிறீர்கள். நாலு டப்பாவையும் மகள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

இனி வரும் காலம் உங்கள் மூச்சு முதல் டப்பாவிலேயே இருக்கட்டும்! உங்கள் முழங்கால் வலி கோட்டுக்குக் கீழே அடங்கட்டும்! உங்கள் ஆயுளுக்கு மேல்கோடு ஒருவரும் கிழிக்காதிருக்கட்டும்! காலையில் எழுந்ததும் கேட்க ஒரு 'ஏன்' உங்களுக்குக் குறையாமல் கிடைக்கட்டும்!

கடைசியாக ஒன்று. இந்த மடலுக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டு வாங்கி வந்தவர் கைக்குட்டையண்ணன். துவைத்து மடித்த கைக்குட்டையில் சுற்றித்தான் கொண்டுவந்திருக்கிறார். "பிரிச்சுக் குடுங்கப்பா, படிக்கணும்ல" என்று மகள் எவ்வளவோ சொன்னாள். படித்து முடிக்கும்வரைக்கும் சம்மதித்தார். முடிந்ததும் மறுபடி சுற்றி, முடிச்சுப் போட்டுத்தான் உங்கள் கையில் தருவாராம். ஏன் என்று கேட்டோம். உங்களிடம் பழகிய பழக்கம்.

"இது அளக்குறதுக்கு இல்லல்ல" என்றார்.

இங்ஙனம்,
மூட்டை, சல்லடை, கலவை, சூளைப் பிரிவுகளின் தொழிலாளர்கள்.
உடன் கையொப்பமிடுபவர்: மேலாளர், சந்தேகம் ஏதுமின்றி.